நஞ்சு விழும் வரை

பிள்ளை அழுத குரல் கேட்டவுடன் வீட்டார் முகங்கள் மலர்கின்றன. ஆண்பிள்ளையா, பெண்பிள்ளையா என்று கேட்போர் ஒருபுறம். சாதகம் கணிப்பதற்கு நேரங் குறிப்போர் ஒருபுறம். அயலார்க்குக் கற்கண்டு வழங்க விரைவோர் மற்றொருபுறம். பத்துத் திங்களாகச் சுமந்த கவலை அந்த ஓர் அழுகையோடு நீங்கிவிட்டதென்றே எல்லோரும் எண்ணுகின்றனர். ஆயினும், அவ்வேளையில் ஒருத்தி மாத்திரம் அந்த ஆரவாரத்திற் கலந்துகொள்வதில்லை. தாயின் அடிவயிற்றின்மேல் வைத்த கையை எடுக்காமல், அவள் முகத்தையும் விரிப்பிற் படியும் இரத்தத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி அவள் இருக்கின்றாள். அவள் மருத்துவிச்சி. பிள்ளை பிறந்ததனால் மட்டும் பேறு முடிந்துவிடவில்லை என்பதை அவள் நன்கு அறிவாள்.

பேறு மூன்று கட்டங்களை உடையது. கருப்பையின் வாய் விரிவது முதலாங் கட்டம். பிள்ளை வெளிவருவது இரண்டாங் கட்டம். நஞ்சு விழுவது மூன்றாங் கட்டம். முதலாவது பல மணி நேரம் நீளக்கூடியது. மூன்றாவதோ பெரும்பாலும் ஒரு நாழிகைக்குள், அஃதாவது 24 நிமிடங்களுக்குள், முடிந்துவிடுவது. காலத்தாற் குறுகிய அக்கட்டமே தாயின் உயிருக்குப் பேராபத்தை விளைக்கவல்லது. மருந்தும் ஊசியுமின்றி இயற்கையான முறையில் நஞ்சை விழச்செய்தல் கூடுமா என்ற வினா இக்காலத்து இளந்தாய்மார் பலரிடையே எழுகின்றது. அது தகாத வினாவன்று. ஆனால் அதற்கு நேர்மையான விடை காண்பதாயின், நஞ்சு என்பது யாது, அஃது எவ்வாறு கழல்கின்றது என்பவற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

நஞ்சு என்ற பெயரைக் கேட்டு அதனை விடமென்று கருதுதல் பிழை. பிள்ளைக்குப் பத்துத் திங்களும் உயிரூட்டிய உறுப்பு அதுவே. பாடநூல்கள் அதனைச் சூல்வித்தகம் என வழங்குகின்றன. நிறைமாதத்தில் அது தடித்த அப்பம் போன்று வட்டமாய், ஏறத்தாழ 20 சதமமீற்றர் அகலமும் 500 கிராம் நிறையும் உடையதாயிருக்கும். அதன் நடுவிலிருந்து ஏறத்தாழ 50 சதமமீற்றர் நீளமான கொப்பூழ்க்கொடி பிள்ளையைச் சென்றடைகின்றது. பிள்ளைக்கு அதுவே சுவாசப்பை; அதுவே உணவு தரும் குடல்; அதுவே கழிவகற்றும் சிறுநீரகம். பிள்ளை தானே மூச்செடுத்தவுடன் அதன் பணி முடிந்துவிடுகின்றது. பணி முடிந்த உறுப்பு வெளியேறல் வேண்டும்.

அது வெளியேறும் விதம் வியக்கத்தக்கது. பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கிச் சிறுக்கின்றது. நஞ்சோ அவ்வாறு சுருங்கும் இயல்பினதன்று. ஊதிய பலூனின் மேல் ஒட்டிய தாள், காற்று இறங்கும்போது தானாகவே கழன்று விடுவதைப் போல, சுருங்கும் கருப்பைச் சுவரிலிருந்து நஞ்சு கழல்கின்றது. கழன்ற இடத்திலே நூற்றுக்கும் மேற்பட்ட இரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கின்றன. நிறைமாதத்திலே ஒவ்வொரு நிமிடமும் அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் கருப்பைக்குட் பாய்கின்றது என்பதை எண்ணினால் அத்திறந்த வாய்களின் அபாயம் விளங்கும். அவற்றை அடைப்பதற்கு இயற்கை ஓர் உபாயம் அமைத்துள்ளது. கருப்பையின் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிக் கிடக்கின்றன. இரத்தக் குழாய்கள் அப்பின்னலின் இடையே செல்கின்றன. தசை இறுகும்போது ஒவ்வொரு நாரும் ஒரு சுருக்குக் கயிறாகிக் குழாயை நெரித்து மூடிவிடுகின்றது. கருப்பை கல்லைப் போல் இறுகியிருக்கும் வரை தாய்க்கு அச்சமில்லை. அது தளர்ந்தால் இரத்தம் பெருகும். நஞ்சு முழுவதுமோ அதன் ஒரு துண்டோ உள்ளே தங்கினாலும், கருப்பை நன்கு இறுக மாட்டாது, இரத்தம் பெருகும்.

இவ்விடத்தில் ஊர்வழக்கிலே காணப்படும் ஒரு தவறான ஒப்பீட்டைக் குறிப்பிடுதல் அவசியமாகும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பசு கன்று ஈன்றால் வீட்டார் இளங்கொடி விழும்வரை காத்திருப்பர். விழுந்த இளங்கொடியை நாய், காகம் தீண்டாதபடி கட்டி ஆலமரத்திலே தொங்கவிடுவர். பசுவுக்கு இளங்கொடி விழுவதற்குப் பல மணி நேரம் செல்லும். பன்னிரண்டு மணி நேரம் சென்றாலும் பசு பெரும்பாலும் இரத்தம் இழப்பதில்லை. இதனைக் கண்டு பழகிய முதியோர், "பொறுத்திருந்தால் தானாக விழும்" என்று பெண்ணுக்கும் அதே நியாயத்தைக் கூறுவதுண்டு. பசுவின் இளங்கொடி கருப்பைச் சுவரின் மேற்பரப்பிலே பல பொத்தான்கள் போலப் பொருந்தியிருப்பது. தாய்ப்பசுவின் இரத்தக் குழாய்களை அது திறப்பதில்லை. மனிதப் பெண்ணின் நஞ்சோ கருப்பைச் சுவருட் புதைந்து, தாயின் இரத்தத்திலேயே தோய்ந்து கிடப்பது. ஆகவே பசுவுக்குப் பொறுமை தகும். பெண்ணுக்குக் காவலோடு கூடிய பொறுமையே தகும்.

இனி, இயற்கைக்குத் துணைசெய்யும் வழிகள் யாவை என்பதை ஆராயலாம். கருப்பையை இறுகச் செய்வது ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன். தாயின் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அதனை இரத்தத்தில் விடுகின்றது. அது நன்கு சுரப்பதற்கு உகந்த சூழலை அமைப்பதே இயற்கைமுறை என்று கூறப்படுபவற்றின் உட்பொருளாகும்.

முதலாவது, பிறந்த பிள்ளையை ஈரந்துடைத்துத் தாயின் வெற்று மார்பின்மேற் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துவிடுதல். பிள்ளை முலைக்காம்பை நாடிச் சுவைக்குமாயின் ஒட்சிற்றோசின் மேலும் சுரக்கும். பாலூட்டும்போது அடிவயிற்றில் ஒரு வலி தோன்றுவதைத் தாய்மார் அறிவர். அது கருப்பை இறுகுவதன் அடையாளம். இரண்டாவது, தாயின் உடம்பைச் சூடாகவும் உள்ளத்தை அமைதியாகவும் வைத்திருத்தல். குளிரும் அச்சமும் அவ்வோமோனின் தொழிலுக்குத் தடையாகக் கூடியன. ஆதலால் அறையிற் கூட்டங் கூடுவதும், உரத்த பேச்சும், அழுகையும் விலக்கத்தக்கன. மூன்றாவது, சிறுநீர்ப்பையை வெறுமையாக்குதல். நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைத் தள்ளி அது இறுகுவதைத் தடுக்கும். நஞ்சு தாமதிக்கும்போது தாயைச் சிறுநீர் கழிக்கச் செய்தல் எளிய உதவி. நான்காவது, நிமிர்ந்து இருத்தல் அல்லது குந்தியிருத்தல். கழன்றுவிட்ட நஞ்சு தன் பாரத்தினாலேயே இறங்குவதற்கு இது இடமளிக்கும். ஐந்தாவது, கொடியை வெட்டுவதற்கு விரையாதிருத்தல். பிள்ளையும் தாயும் நலமாயிருப்பின் ஒன்று முதல் மூன்று நிமிடம் வரை பொறுத்துக் கொடியைக் கட்டுவதே தகும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. அந்நேரத்தில் நஞ்சிலுள்ள இரத்தம் பிள்ளையைச் சேர்ந்து, பின்னர் இரத்தச்சோகை வராமற் காக்கின்றது.

நஞ்சு கழன்றதைக் காட்டும் அறிகுறிகளும் உள. சிறிதளவு இரத்தம் திடீரென வெளிவரும். வெளியே தொங்கும் கொடி நீளும். கருப்பை உருண்டு இறுகி மேலெழும்பும். அப்போது தாய் தானாகவே முக்கினால் நஞ்சு வெளியேறும். வெளிவந்த நஞ்சை உடனே புதைத்துவிடுதல் கூடாது. அதனை விரித்துப் பார்த்து, ஒரு மடலேனும் சவ்வின் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கின்றதா எனப் பரிசோதித்தல் மருத்துவிச்சியின் நீங்காக் கடமை. உள்ளே தங்கிய ஒரு சிறு துண்டு, அன்றோ பல நாட் கழித்தோ, இரத்தப்பெருக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கக்கூடும்.

இயற்கை என்ற பெயரில் உலகின் பல பாகங்களிலும் வழங்கிவந்த வேறு சில முறைகளும் உண்டு. தாயின் தலைமயிரை வாயிலே திணித்து ஓங்காளிக்கச் செய்தல், வெறும் போத்தலுள் ஊதச் சொல்லுதல் என்பன அவற்றுட் சில. இவை வயிற்றை இறுக்கும். கழன்ற நஞ்சு ஒருகால் இதனால் வெளிவரலாம். கழலாத நஞ்சுக்கு இவற்றாற் பயனில்லை. இவற்றினும் கொடியது, கொடியைப் பிடித்து இழுத்தலும் வயிற்றை உதைத்து அமுக்குதலும். பயிற்சியற்றோர் கொடியை இழுத்தால் கொடி அறுந்துபோகலாம். அதனினும் மோசமாய்க் கருப்பையே உட்புறம் வெளிப்புறமாய்ப் புரண்டு வெளிவரலாம். அது நிகழ்ந்தால் தாய் சில நிமிடங்களிலேயே அதிர்ச்சியுற்று உயிர்நீக்கக் கூடும். கையைக் கழுவாது உட்செலுத்தி நஞ்சைப் பறித்தல் முற்காலத்திலே எத்தனையோ தாய்மாரைக் காய்ச்சலுக்கு இரையாக்கியது. மூலிகைக் குடிநீர்களும் நம்பத்தக்கனவல்ல. பேற்றின் பின் மிளகு, மஞ்சள், உள்ளி சேர்த்துக் கொடுக்கும் சரக்குக் கறி உடம்பைத் தேற்றும் உணவாகலாம். பெருகும் இரத்தத்தை அது நிறுத்தமாட்டாது.

சென்ற பந்தியிற் கூறியவை தீமைகள். அவற்றை விலக்குதல் எளிது. முன்னர்க் கூறிய நன்மைகளோ உண்மையான நன்மைகள். அவை எவ்வளவு தூரம் காக்கும் என்பதே கடினமான வினா. அதனை ஆராய்ச்சி அளந்து பார்த்துள்ளது. ஆபிரிக்க நாடாகிய மலாவியிலே கிராம மருத்துவிச்சிகள் பார்த்த நான்காயிரத்துக்கு மேற்பட்ட பேறுகளில், பிறந்தவுடன் பாலூட்டிய தாய்மாரும் அவ்வாறு செய்யாத தாய்மாரும் ஒப்பிடப்பட்டனர். 1989 இல் வெளிவந்த அம்முடிவின்படி, இரத்தப்பெருக்கு இருசாராரிலும் ஏறத்தாழ ஒரே அளவினதாகவே இருந்தது. பாலூட்டுதல் பிள்ளைக்கும் தாய்க்கும் பல வகையில் நன்று. ஆனால் இரத்தப்பெருக்கைத் தடுக்கும் காவலாக அதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

இங்கிலாந்தின் இஞ்சிங்புறூக் வைத்தியசாலையில் நடந்த மற்றோர் ஆய்வு 1998 இல் வெளிவந்தது. ஆபத்துக் குறைந்தவராய்க் கருதப்பட்ட 1512 தாய்மார் இரு பகுதியினராக்கப்பட்டனர். ஒரு பகுதியினர்க்கு நஞ்சு இயற்கையாக விழவிடப்பட்டது. மறு பகுதியினர்க்குக் கருப்பையை இறுக்கும் ஊசி இடப்பட்டது. அரை லீற்றரோ அதற்கு மேலோ இரத்தம் இழந்தோர், ஊசி பெற்றாருள் நூற்றுக்கு ஏறத்தாழ எழுவர். இயற்கைக்கு விடப்பட்டாருள் நூற்றுக்குப் பதினாறுக்கு மேற்பட்டோர். படுத்திருந்ததோ நிமிர்ந்திருந்ததோ இரத்த இழப்பில் வேறுபாடு செய்யவில்லை. இவ்வெண்களை இருபுறமும் நின்று நோக்குதல் வேண்டும். இயற்கைக்கு விடப்பட்டோருள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் யாதொரு தீங்குமின்றித் தேறினர் என்பதும் உண்மை. ஆனால் மிகுதிப் பேருள் தான் ஒருத்தியாவாளா என்பதை முன்னதாக எந்தத் தாயும் அறியமாட்டாள் என்பதும் உண்மை. வாட்டமுற்ற உடம்பும் இரத்தச்சோகையும் உடைய தாய்க்கு, நலமுள்ளவள் எளிதிற் பொறுக்கும் இழப்பே உயிரைக் கவரும்.

அவ்வூசி யாது என்று கேட்டால், இயற்கையையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தும் வாதமே ஆட்டங் காண்கின்றது. இங்கிலாந்தின் என்றி டேல் என்னும் அறிஞர் 1906 இல், கபச்சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அச்சாற்றில் அடங்கிய ஒட்சிற்றோசின் ஒன்பது அமினோவமிலங்களால் ஆயது என்பதை அறிந்து, அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டியவர் அமெரிக்க இரசாயனவறிஞர் வின்சென்ற் டு விக்னோ. அச்செயற்காக 1955 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசியில் உள்ள ஒட்சிற்றோசினும் தாயின் உடம்பு தானே சுரக்கும் ஒட்சிற்றோசினும் ஒன்றே. தாயின் உடம்பு போதிய அளவு சுரக்கத் தவறுமோ என்ற ஐயத்துக்கு அது ஒரு காப்பு, அவ்வளவே. மறுபுறம், இயற்கையிற் கிடைப்பதெல்லாம் பாதுகாப்பானது என்பதும் பொய். றை என்னும் தானியக் கதிரிற் படியும் ஒரு பங்கசை ஐரோப்பிய மருத்துவிச்சிகள் நெடுங்காலம் கருப்பையை இறுக்கப் பயன்படுத்தினர். அளவு தெரியாது கொடுத்தபோது அது பிள்ளைகளையும் தாய்மாரையும் கொன்றது. 1935 இல் அதிலிருந்து எர்கோமெற்றின் பிரித்தெடுக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்ட பின்னரே அது நம்பத்தக்க மருந்தாயிற்று.

பிள்ளை பெறும் ஒவ்வொரு தாய்க்கும் மூன்றாங் கட்டத்தில் இத்தகைய மருந்து கொடுக்கப்படல் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒட்சிற்றோசின் 10 அலகு என்பது அதற்குரிய அளவு. மருந்து இட்ட பின்னரும் பிள்ளையை மார்பிற் கிடத்துதற்கும், பாலூட்டுதற்கும், கொடியைப் பொறுத்துக் கட்டுதற்கும் எவ்விதத் தடையுமில்லை. ஊசியை ஏற்கும் தாய் இயற்கையைக் கைவிட்டவளாகாள். ஊசி வேண்டாமென்று கருதும் தாய், அதனைப் பேறு தொடங்குமுன்னரே வைத்தியரோடு ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். இரத்தச்சோகை உடையவர், இரட்டைப் பிள்ளைகளைச் சுமப்பவர், பல பிள்ளைகளைப் பெற்றவர், முன்னைய பேற்றில் நஞ்சு தங்கியோ இரத்தம் பெருகியோ இடர்ப்பட்டவர், சத்திரசிகிச்சையாற் பிள்ளை பெற்றவர், நெடுநேரம் வலியால் வாடியவர் ஆகியோர் இயற்கையை மட்டும் நம்பிப் பொறுத்திருத்தற்கு உரியவரல்லர்.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஊசி இட்ட பின் 30 நிமிடத்துள் நஞ்சு விழாவிடினும், இயற்கைக்கு விட்டு 60 நிமிடத்துள் விழாவிடினும் அது தங்கிய நஞ்சு எனக் கொள்ளப்படும். ஆனால் இந்த நேரக்கணக்கு இரத்தம் பெருகாதிருக்கும் போது மாத்திரமே செல்லும். இரத்தம் பெருகினால் ஒரு நிமிடமேனும் காத்திருத்தல் ஆகாது. அரை லீற்றர் என்பது ஏறத்தாழ இரண்டு பெரிய கிண்ண அளவு. துணியில் ஊறிய இரத்தமும் விரிப்பின் அடியிற் தேங்கிய இரத்தமும் கண்ணை ஏமாற்றும். கருப்பைக்குள்ளேயே தேங்கும் இரத்தமோ வெளியிற் தெரியவே தெரியாது. இவ்வேமாற்றத்தை நீக்குதற்கு, அளவு குறித்த பையொன்றைத் தாயின் கீழ் விரித்து இரத்தத்தை அளந்து, உடனே வேண்டிய சிகிச்சைகள் யாவற்றையும் ஒருங்கே செய்யும் முறை ஆபிரிக்க நாடுகள் நான்கிலே சோதிக்கப்பட்டது. அதனாற் கடும் இரத்தப்பெருக்கு முதலிய பெருந்தீங்குகள் பாதிக்கு மேல் குறைந்தன என்பது 1923 இலன்று, அண்மையில் 2023 இல் வெளிவந்த செய்தி. கண்ணால் மதிப்பிடாது அளந்தறிதல் என்ற எளிய செயலே எத்தனையோ உயிர்களைக் காக்கவல்லது.

தாய் வெளிறிப்போதல், நெற்றி குளிர்ந்து வியர்த்தல், நாடி விரைதல், தாகம் மிகுதல், "கண் இருளுது" என்று அவள் கூறுதல் ஆகிய யாவும் அபாய மணிகளே. வைத்தியசாலையை அடையுமுன் வழியிலோ வீட்டிலோ பிள்ளை பிறந்துவிட்டால், உடனிருப்போர் செய்யத்தக்கது இதுவே: உடனே அம்புலன்சை அழைத்தல்; பிள்ளையைத் தாயின் மார்பிற் கிடத்திப் போர்த்துதல்; கொடியை இழுக்காதிருத்தல்; அதனை வெட்டவும் அவசரப்படாதிருத்தல்; நஞ்சு தானாக விழுந்தால் ஒரு பாத்திரத்தில் இட்டு உடன் கொண்டுசெல்லுதல். நஞ்சு விழுந்த பின்னும் இரத்தம் பெருகி, அடிவயிறு மென்மையாகத் தோன்றினால், கொப்பூழின் அருகே கருப்பையை உள்ளங்கையால் இறுகும்வரை உருட்டித் தேய்த்தல். நஞ்சு விழவில்லையென்றாலும் பயணத்தைத் தாமதித்தல் கூடாது.

இலங்கையின் அனுபவம் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். மானிப்பாயிலே மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1857 இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழிற் பெயர்த்து வெளியிட்டார். 1879 இல் கொழும்பிலே டி சொய்சா மகப்பேற்று இல்லம் திறக்கப்பட்டது. ஆயினும் 1930களிலும், ஆயிரம் உயிர்ப்பிறப்புகளுக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட தாய்மார் இத்தீவிலே இறந்துகொண்டிருந்தனர். பயிற்றப்பட்ட மருத்துவிச்சி ஊர்தோறும் சென்றதும், வைத்தியசாலைகள் அண்மையில் அமைந்ததும், இரத்த வங்கியும் மருந்துகளும் பெருகியதும் அந்நிலையை மாற்றின. அண்மை ஆண்டுகளில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு முப்பதை அண்டியதாகவே அத்தொகை பெரும்பாலும் இருந்துவருகின்றது. பேறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. அன்றைய தாய்மாரும் இயற்கை முறையிலேயே பிள்ளை பெற்றனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது இயற்கையன்று, இயற்கை தவறும்போது தாங்கிக்கொள்ளும் கை.

ஆதலின், இயற்கைக்கு இடங்கொடுத்தல் என்பது தாயைத் தனியே விட்டுவிடுதல் ஆகாது. பிள்ளையின் சூடும், பாலும், அமைதியும், பொறுமையும் ஒவ்வொரு தாய்க்கும் உரியன. அவற்றை எந்த வைத்தியசாலையும் மறுத்தல் தகாது. அவற்றோடு மருந்தும், அளந்து பார்க்கும் கண்ணும், அடிவயிற்றின்மேல் இருக்கும் பயின்ற கையும் அவளுக்கு உரியன. அவற்றை எந்தக் குடும்பமும் மறுத்தல் தகாது. கற்கண்டு வழங்குவதற்கு நேரம் உண்டு. நஞ்சு முழுமையாக விழுந்து, கருப்பை இறுகி, இரத்தம் அடங்கிற்று என்று மருத்துவிச்சி கூறும்வரை வீட்டார் சற்றுப் பொறுத்திருப்பாராக.